மானாமதுரையில் சட்டி பானை செய்யக் கற்றுக்கொள்ளப் போகிறீர்களா?

நான் முதன்முதலில் சக்கரத்தில் கைவைத்தது ஒரு சுற்றுலா விடுதியின் முற்றத்தில். அரை மணி நேரம்தான். மண்ணைப் பிசைந்து உருட்டித் தயாராக வைத்திருந்தார்கள். என் கைக்கு மேல் சொல்லித்தருபவரின் கை இருந்தது. சட்டி எழும்பியது, படம் எடுத்துக்கொண்டேன், அடுத்தவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அறைக்குத் திரும்பிய பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தச் சட்டியில் நான் செய்தது என்று சொல்ல எதுவுமே இல்லை.

அடுத்த வருடம் மானாமதுரையில், மண்பாண்டம் செய்யும் ஒரு வேளார் குடும்பத்தோடு இரண்டு நாள் இருந்தேன். சக்கரம் சுற்றுவது இந்தத் தொழிலில் ஒரு சின்னப் பகுதிதான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் மண்ணைப் பதப்படுத்தும் வேலை இருக்கிறது. அதற்குப் பின்னால் பானையைப் பலகையால் தட்டி உருட்டும் வேலை இருக்கிறது. கையில் தொழில் இருப்பதும் இல்லாததும் தெரியவருவது இந்த இரண்டிலும்தான். புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டு வாங்கிச் செய்ய வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஊருக்குப் போவது எளிது. சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையில் இருக்கிறது மானாமதுரை. மதுரை மாட்டுத்தாவணியில் பரமக்குடி, ராமநாதபுரம், ராமேஸ்வரம் போகும் பேருந்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கலாம். ரயிலில் வருகிறவர்களுக்கும் சிரமமில்லை. ராமேஸ்வரம் பாதை, காரைக்குடி வழியாகத் திருச்சி போகும் பாதை, விருதுநகர் பாதை மூன்றும் கூடும் சந்திப்பு இது. கர்நாடக இசைக் கச்சேரிகளில் வாசிக்கும் கடம் இங்கே செய்யப்படுவது பலருக்குத் தெரிந்திருக்கும். கனமான, நாதம் அழுத்தமாக எழும்பும் கடம் என்றால் வித்வான்கள் மானாமதுரையைத்தான் சொல்வார்கள். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

எந்த மாதம் போவது?

இதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், இன்னும் சுடாத பச்சைப்பானை காயாது, சூளையும் மூட்ட முடியாது. மழை விடாத நாட்களில் குடும்பமே வருமானமின்றி உட்கார்ந்திருக்கும். கார்த்திகைத் தீபத்துக்கு அகல் விளக்கு, தைப்பொங்கலுக்குப் பானை என்று வேலை நெருக்கித் தள்ளும் வாரங்களிலும் போக வேண்டாம். யாருக்கும் உங்களோடு பேசக்கூட நேரம் இருக்காது. பங்குனி, சித்திரையில் அக்கினிச்சட்டிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் வேலை மும்முரமாகிவிடும். ஆடிக் காற்றில் ஈரப்பானை ஒரு பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்து வெடிப்பு விட்டுவிடும்.

என் கணக்கில் பொங்கல் முடிந்து தை மாதக் கடைசியும் மாசியும்தான் நல்ல சமயம். பெரிய வேலை ஒன்று முடிந்து வீடு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். வெயிலும் கொளுத்தாது.

இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். இதில் குறைக்காதீர்கள். ஒரு நாளில் மண்ணும் சக்கரமும் முடியும். தட்டுவதற்குப் பானை இறுகியிருக்க வேண்டும், அது மறுநாள் காலையில்தான் நடக்கும்.

வழியில் கீழடி

மதுரையிலிருந்து வருகிறவர்கள் திருப்புவனத்துக்கு அருகில் இறங்கி, 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வகுப்புக்கு முன்னால் பார்ப்பது முக்கியம். ஆதன், குவிரன் என்று தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய ஓடுகளை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் உடைந்த ஓடுகளின் உள்பக்கத்தையும் பாருங்கள். சக்கரம் சுற்றும்போது விரல் பதிந்த வரிகள் வட்டவட்டமாக இருக்கும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான கிண்ணங்களையும் நின்று பாருங்கள். சூளையில் காற்றுப்பட்ட பக்கம் சிவந்திருக்கிறது, காற்றுப்படாத பக்கம் கறுத்திருக்கிறது. பிறகு நீங்கள் பார்க்கப்போகும் சூளையிலும் இதே கணக்குதான்.

குடும்பத்தைத் தேடுவது

முன்பதிவு செயலியில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஊரில் இறங்கி, மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கும் தெரு எது என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். வாசலில் பச்சைச்சட்டி கவிழ்த்துக் காயவைத்திருக்கும் வீடுகள் தூரத்திலிருந்தே தெரியும். முதல் நாளே போய்ப் பேசிவிடுங்கள். ஏதாவது ஒன்று வாங்குங்கள். பிறகு விஷயத்துக்கு வாருங்கள்: "அக்கா, ரெண்டு நாள் கூட இருந்து கத்துக்கணும். உங்க வேலை கெடாத நாளாப் பாத்துச் சொல்லுங்க." இவ்வளவு போதும். "நாளைக்கு வர்றேன்" என்று நீங்களாக நாள் குறிக்காதீர்கள். அடுத்த நாள் சூளை மூட்டுவதாக இருக்கலாம், கோயில் வேலை இருக்கலாம்.

வீட்டு ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிட வேண்டாம். மண் மிதிப்பது, தட்டுவது, தேய்ப்பது எல்லாம் பல வீடுகளில் பெண்களின் கையில் இருக்கிறது. கடம் தட்டும் வேலைக்காகவே இந்த ஊர் மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமி விருது வாங்கியிருக்கிறார். நீங்கள் கேட்டு வாங்கிக் கற்க வேண்டிய பகுதி பெரும்பாலும் அந்த வீட்டு அக்காவிடமோ அப்பத்தாவிடமோ இருக்கும்.

பணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். கற்றுத்தருகிறவருக்கு அன்றைய உற்பத்தி நின்றுபோகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் அவர் எத்தனை சட்டி இறக்குவார், என்ன விலைக்குப் போகும் என்று கேட்டுக்கொண்டு அதற்குக் குறையாமல் கொடுங்கள். மண்ணுக்கும் விறகுக்கும் தனியாகச் சேர்த்துக் கொடுங்கள். பேரம் வேண்டாம். "உங்களால முடிஞ்சதக் குடுங்க" என்று அவர்கள் கூச்சத்தில் சொல்வார்கள். அதைக் குறைத்துக்கொடுக்கக் கிடைத்த வசதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டச் சொல்லித்தந்தவருக்கு அவர் கையிலேயே கொடுங்கள்.

எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். கறைபட்டால் கவலையில்லாத பருத்தி உடை, பழைய துண்டு, தண்ணீர் பாட்டில். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தொழில் நடக்கும் இடத்துக்குள் செருப்போடு போகாதீர்கள். சக்கரத்தையும் சூளையையும் கும்பிட்டுத்தான் வேலை தொடங்குகிறார்கள். சக்கரத்தைத் தாண்டி நடக்கக் கூடாது. காய்ந்துகொண்டிருக்கும் சட்டியை விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது, விளிம்பு கையோடு வந்துவிடும். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

மண்

காலையில் போனதும் மண்ணில் இறங்குங்கள். "சக்கரத்துக்கே வந்துடுங்க தம்பி, மண்ணு ரெடியா இருக்கு" என்பார்கள், உங்களுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று. "இல்லக்கா, மிதிச்சுப் பாக்குறேன்" என்று சொல்லுங்கள்.

கண்மாய்களிலிருந்து அனுமதி வாங்கி எடுத்துவரும் களிமண்ணும் வண்டலும்தான் அடிப்படை. ஒரே கண்மாய் மண்ணில் எல்லாம் செய்ய முடியாது. ஒட்டும் தன்மை அதிகமான மண்ணும் குறைவான மண்ணும் கலந்து, நைசான மணலும் சேர்ப்பார்கள். களி மிஞ்சினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் மிஞ்சினால் சக்கரத்தில் நிற்காமல் சரியும். அடுப்பில் வைக்கும் சட்டிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் கடத்துக்கும் வேறுவேறு கலவை. அளவைக் கேட்டால் எண்ணிக்கையாகச் சொல்ல மாட்டார்கள், கையில் எடுத்துக் காட்டுவார்கள். சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வளைவில் கீறல் விட்டால் இன்னும் களி வேண்டும்.

காயவைத்து உடைத்து, ஊறப்போட்டு, சலித்து, மறுபடி ஊறிய மண்ணைச் சாக்கில் கொட்டி மிதிப்பார்கள். குதிகாலால் அழுத்தி வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வந்து, பரவிய மண்ணை மடித்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து. அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த அரை மணிக்குள் உள்ளங்காலுக்கு ஒரு கூர்மை வந்துவிடுகிறது. கடுகளவு கல்லும் தட்டுப்படும். தட்டுப்பட்டதும் நின்று, குனிந்து, அதை எடுத்து எறிய வேண்டும்.

நான் அப்படி ஒன்றை, வெள்ளையாக, சின்னதாக இருந்ததை, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். அந்த வீட்டு அக்கா பார்த்துவிட்டு உடனே எடுத்தார். அது சுக்கான் கல். சுண்ணாம்பு. சூளையில் வெந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து உப்பும். பானை நன்றாகச் சுட்டு, விற்று, யாரோ வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து அந்த இடத்தில் சில்லு தெறிக்கும். "நம்மளத்தானே தம்பி ஏசுவாக" என்றார். அதன் பிறகு நான் ஒரு கல்லையும் விடவில்லை.

சக்கரம்

இப்போது பெரும்பாலான வீடுகளில் மின்சாரச் சக்கரம் இருக்கிறது. கோலால் சுழற்றிவிடும் பழைய சக்கரம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். தோள்வலி குறைகிறது என்பதற்காக அவர்கள் மாறியிருக்கிறார்கள். பழைய சக்கரம் ஓரமாகக் கிடந்தால், ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதைச் சுழற்றிவிட்டு, வேகம் குறைவதற்குள் உருவம் கொண்டுவருவது எவ்வளவு பெரிய கணக்கு என்று தெரியும்.

தாழ்வாகக் குத்தவைத்து உட்கார வேண்டியிருக்கும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் மணைப்பலகை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பானை கேட்காதீர்கள். அகல் விளக்கு கேளுங்கள். பெரிய மண் உருண்டையைச் சக்கரத்தில் அறைந்து வைத்து, அதன் உச்சியில் மட்டும் ஒரு விளக்கு பிடித்து, நூலால் அறுத்து எடுத்துவிட்டு, அடுத்ததைப் பிடிப்பார்கள். ஒரே உருண்டையில் வரிசையாக விளக்குகள் இறங்கும். புதியவருக்கு இதுதான் நல்லது. தப்பினால் ஒரு விளக்குதான் போகும், அடுத்த நொடியே மறுபடி முயலலாம்.

முழங்கையைத் தொடையிலோ விலாவிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். ஊன்றாத கை சக்கரத்தோடு ஆடும். மண் நடுவில் நிற்கும்வரை வேறு எதுவும் செய்யாதீர்கள். நின்றுவிட்டதா என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துப் பாருங்கள். விரல் தள்ளாடினால் இன்னும் நிற்கவில்லை. பிறகு கட்டைவிரலால் குழித்து, உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல், இரண்டுக்கும் நடுவில் மண்ணை மெதுவாக மேலே கொண்டுபோங்கள். தண்ணீரைக் கொஞ்சமாகத் தொடுங்கள். வழுக்க வேண்டும் என்று அள்ளி ஊற்றினால் சுவர் ஊறிக் குழைந்து உட்கார்ந்துவிடும். கையை எடுக்கும்போதும் மெதுவாக எடுங்கள். பெரும்பாலான விளக்குகள் கெடுவது அந்தக் கடைசி நொடியில்தான்.

பத்து அகல் பிடித்த பிறகு ஒரு சின்னச் சட்டிக்குப் போங்கள். அதோடு முதல் நாள் போதும்.

தட்டு

இரண்டாம் நாள் காலையை இதற்கு வையுங்கள். சக்கரத்திலிருந்து இறங்கும் பானைக்கு அடி இருக்காது என்பது எனக்கு அங்கே போகும்வரை தெரியாது. வாயும் கழுத்தும் சுவரும் மட்டும் சக்கரத்தில் வரும். கீழே நூலால் அறுத்து எடுக்கும்போது அடிப்பக்கம் திறந்திருக்கும், சுவரும் கனமாக இருக்கும். அந்தக் கனமான மண்ணைத் தட்டித் தட்டி இழுத்துத்தான் அடியை மூடி, வயிற்றை உருட்டி, சுவரை மெலிதாக்குகிறார்கள். நாம் கடையில் வாங்கும் பானையின் உருண்ட அடி சக்கரத்தில் பிறந்ததில்லை, கையில் பிறந்தது.

பதம் பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், ஆனால் மண் நகத்தில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் ஈரம். தடமே விழவில்லையென்றால் நேரம் கடந்துவிட்டது, தட்டினால் விரிசல் விடும்.

வேண்டியவை இரண்டுதான். உள்ளே பிடிக்க, உள்ளங்கையில் அடங்கும் வழுவழுப்பான உருண்டைக் கல். வெளியே தட்ட ஒரு மரப்பலகை. இரண்டிலும் மண் ஒட்டாமல் இருக்க அடிக்கடி சாம்பலில் தோய்த்துக்கொள்வார்கள். பானையை மடியில் சாய்த்துவைத்து, இடது கையில் கல்லை உள்ளே கொண்டுபோய், வலது கையால் வெளியே தட்ட வேண்டும். ஒரு தட்டு, கொஞ்சம் திருப்பு, அடுத்த தட்டு. சுற்றிச் சுற்றி வரவர, திறந்திருந்த அடி பூ குவிவதுபோல உள்ளே கூடிக்கொண்டே வந்து மூடிவிடும்.

எனக்கு மூன்றாவது சுற்றில் பலகை கல்லுக்கு நேராக விழாமல் ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்தது. அந்த இடம் பொத்தலாகிவிட்டது. நான் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. எதிரில் உட்கார்ந்திருந்த அப்பத்தா என் கையிலிருந்து பானையை வாங்கி, பொத்தலில் பிசின்போல மண் வைத்து அடைத்து, நான்கு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். "பலகையப் பாக்காதீக தம்பி. கல்லு எங்கன இருக்கோ அங்கனதான் பலகை விழணும். அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத்தான் தெரியும்" என்றார்.

அவர் சொன்னபடி கேட்டுப் பாருங்கள். கல்லுக்கு நேராக விழுந்தால் சத்தம் கெட்டியாக, சின்னதாக இருக்கும். தள்ளி விழுந்தால் சொத்தென்று கேட்கும். சுவர் கனமாக இருக்கும் இடத்துக்கு ஒரு சத்தம், மெலிந்த இடத்துக்கு வேறு சத்தம். அரை நாளில் இந்த வித்தியாசம் காதுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். கடம் செய்யும் வீடாக இருந்தால் தட்டும் இடத்தில் சும்மா உட்கார்ந்து கேட்க அனுமதி வாங்குங்கள். சுவர் முழுக்க ஒரே கனம் வரும்வரை நாட்கணக்கில் ஆயிரக்கணக்கான தட்டு விழுகிறது. பிறகு வாசிக்கும்போது எழும் நாதம் அந்தத் தட்டில் அமைவது. கடத்தை நீங்களே செய்து பார்க்கக் கேட்க வேண்டாம். அது இரண்டு நாள் விருந்தாளியின் கையில் கொடுக்கும் மண் இல்லை.

காய்வதும் சுடுவதும்

உங்கள் பொருளை அன்றே கையில் எடுத்து வர முடியாது. இதைத் தெரிந்துகொண்டே போங்கள். முதலில் நிழலில், கவிழ்த்தும் நிமிர்த்தியும் காய வேண்டும். அகலுக்கு இரண்டு மூன்று நாள், பானைக்கு ஒரு வாரம் பிடிக்கும். பிறகு காவி பூசி, கூழாங்கல்லால் தேய்த்து, வெயிலில் வைப்பார்கள். அதற்குப் பிறகும் சூளை நிறையும் அளவுக்குச் சரக்குச் சேர வேண்டும். உங்கள் ஒரு சட்டிக்காகச் சூளை மூட்ட மாட்டார்கள், மூட்டச் சொல்லவும் கூடாது. அடியில் பெயரின் முதல் எழுத்தைக் குச்சியால் கீறி வைத்துவிடுங்கள். சூளை மூட்டும் நாளுக்குத் தகவல் சொல்லச் சொல்லி, முடிந்தால் அன்று மறுபடி போங்கள்.

நான் போனேன். பெரியவை அடியில், சிறியவை மேலே அடுக்கி, இடையிடையே விறகு, தென்னை மட்டை, மேலே வைக்கோல் பரப்பி மண்ணால் மெழுகியிருந்தார்கள். முதலில் வெகுநேரம் சின்னத் தீதான். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் சுவருக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் பானையை உடைத்துவிடும். வெள்ளைப் புகை அடங்கிய பிறகுதான் தீயை ஏற்றுகிறார்கள். சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும்போது களிமண்ணோடு கலந்தே இருக்கும் நீரும் வெளியேறுகிறது. அதன் பிறகு எத்தனை நாள் ஊறினாலும் அது மறுபடி சேறாகாது.

சூளையை உடனே பிரிக்கக் கேட்காதீர்கள். தானாக ஆற வேண்டும். பிரித்ததும் உங்கள் சட்டியை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்திருக்கிறது, விரிசலும் இல்லை. சத்தம் அடைத்தாற்போல இருந்தால் எங்கேயோ கீறல் இருக்கிறது, பூச்செடி வைக்கப் பயன்படுத்திக்கொள்ளலாம். என் பானையில் காற்றுப்படாத பக்கமாக உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு படிந்திருந்தது. அப்பத்தா அடைத்த இடம் எது என்று தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்குக் கொண்டு வரும்போது உள்ளேயும் வெளியேயும் வைக்கோல் திணித்து, துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தின் மேல்தட்டில் வைக்க வேண்டாம். சமைக்கும் சட்டியென்றால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு அரிசி கழுவிய தண்ணீரோ வடித்த கஞ்சியோ ஊற்றி, சின்னத் தீயில் கொதிக்கவைத்து, அப்படியே ஆறவிட்டுக் கொட்டுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பழக்கினால் மண்வாசம் போய்விடும். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரத்தரையில் இறக்காதீர்கள். சோப்பு வேண்டாம், தேங்காய் நாரும் சாம்பலும் போதும்.